வாரண்டி யார் பேரில்?

கிம்ச்சிப் பெட்டி மறுபடியும் கத்த ஆரம்பித்தது வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு.

இந்த ஒரே வருடத்தில் இது மூன்றாவது முறை. ஏப்ரலில் ஒரு தரம், செப்டம்பரில் ஒரு தரம். அப்போதெல்லாம் பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது அப்படியில்லை. பத்து நாள் முன்புதான் சுன்தொக்கின் தங்கைகளும் நாத்தனார்களும் ரப்பர் கையுறையோடு வந்து இறங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து, அறுபது முட்டைக்கோஸுக்கு மிளகாய் விழுது பூசிவிட்டுப் போயிருந்தார்கள். மார்ச் வரைக்கும் வீட்டுக்கு வேண்டிய கிம்ச்சி, அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய் முழுவதும், அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஹேரிம் பால்கனிக் கதவைத் தள்ளியபோது, மாமியார் சுன்தொக் ஏற்கனவே அங்கே குந்தி உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல அதன் உட்சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துருச்சு," என்றாள் சுன்தொக். "இந்தத் தடவ நெசமாவே செத்துருச்சு."

"பால்கனி குளிராத்தானே இருக்கு அத்தை? ரெண்டு நாள் தாங்காதா?"

"பகல்ல வெயில் நேரா இங்கதான் அடிக்கும். மோந்து பாரு."

மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. புளிப்பு வாசனை கூடம்வரை வந்துவிட்டிருந்தது.

இந்தக் குடும்பத்தில் மூன்று வருடமாக யாரும் உச்சரிக்காத ஒரு பெயர் உண்டு. மூத்த மகன் இன்சொக். அப்பாவின் முதல் நினைவு நாளன்று, படையல் மேசைக்கு முன்னால், தான் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தியவன். சுன்தொக் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லாம கட்டிக்கிட்டவன் சொல்லாமலே போகட்டும்" என்றாள். அவனும் போய்விட்டான். தூரத்து நகரம் இஞ்சியோனில் இருக்கிறான் என்று கேள்வி. அம்மாவும் மகனும் ஒரே அச்சு. யார் முதலில் வாயைத் திறப்பது என்ற வீம்பிலேயே மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இளையவன் தோமினும் அவன் மனைவி ஹேரிமும்தான்.

ஒன்பது மணிக்கெல்லாம் சர்வீஸ்காரர் வந்துவிட்டார். முப்பது வயதுக்காரர். குடும்பப் பெயர் நோ. பெயர்தான் நோ, எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. வாசலிலேயே ஷூவைக் கழற்றி, தான் கொண்டுவந்த துணியை விரித்து, அதன் மேல்தான் கருவிகளை வைத்தார். அரை மணி நேரம் பெட்டியின் முதுகைத் திறந்து வைத்துத் துருவிப் பார்த்தார். பிறகு எழுந்து, சுன்தொக்குக்கு முன்னால் தலை குனிந்தார்.

"அம்மா, உள்குழாய்ல கசிவு. சுவத்துக்குள்ள புதைஞ்ச குழாய், பிரிக்க முடியாது. நான் இத ரிப்பேர் பண்றேன்னு சொன்னா உங்கள ஏமாத்துறதா ஆயிடும். கடைக்குப் போய்க் கேளுங்க, மாத்தித் தருவாங்க."

"வாரண்டி இருக்கா?"

"கடைக்காரங்க கொடுத்த மூணு வருஷ வாரண்டி. இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

தோமின் துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சூப்பை நின்றுகொண்டே குடித்துக்கொண்டிருந்தான். "அம்மா, கடைக்குப் போனா இந்த ஃபார்ம் அந்த ஃபார்ம்னு நாள் முழுக்க உக்கார வப்பான். பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"ஒம்பது நாள் இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா..."

"ஒம்பது நாள் இருக்கும்போது எதுக்கு வாங்கணும்? உன் அப்பா மாதிரியே பேசுற. சண்டைன்னா ஓடு."

தோமின் பெண்டாட்டியைப் பார்த்தான். ஹேரிம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு அரை நாள் லீவு சொல்லப் போனை எடுத்தாள்.

சுன்தொக் கிளம்பிய விதத்தைப் பார்க்க வேண்டும். கத்தரிப்பூ நிறப் பஞ்சுக் கோட்டு. சுருள் முடியில் ஒரு இழை கலையாத சீப்பு வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், பையில் மூடி இறுக்கிய ஒரு டப்பா. டப்பாவில் என்ன என்று ஹேரிம் கேட்டதற்கு, "சாட்சி" என்றாள்.

காரில் போகும்போது ஹேரிம் ஃபைலைத் திறந்து பார்த்தாள். வாரண்டி அட்டை. மூன்று சர்வீஸ் சீட்டுகள். அவற்றோடு சுவர்க் காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள், பின்பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்து. 'ஏப்ரல் 11. நோ தம்பி பத்து இருபதுக்கு வந்தான். கேஸ் குறைவு என்றான். பார்லித் தண்ணி குடித்தான். பெட்டி நாலு நாள் குளிர்ந்தது, அப்புறம் சுமார்.' 'செப்டம்பர் 3. மறுபடி அதே பையன். சென்சார் மாற்றினான். தலைவலி என்றான், மாத்திரை கொடுத்தேன்.'

"இதெல்லாம் எப்போ எழுதினீங்க?"

"அவன் போன உடனே எழுதிடுவேன். வயசாச்சுன்னா ஞாபகம் இல்லன்னு ஊரே நினைக்குது. எழுதி வச்சா எவன் என்ன பேச முடியும்?"

ஹேரிம் சாலையைப் பார்த்து ஓட்டினாள். தன் மருத்துவமனைக்கு வரும் நூறு பேரில் ஒருத்தர்கூட இப்படிக் கையில் ஆதாரத்தோடு வந்ததில்லை. எட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் இந்த மனுஷியை முழுசாகத் தெரிந்துகொண்டதாக நினைத்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்குத் தோன்றியது.

தால்பித் எலக்ட்ரானிக்ஸ் கடை குன்சான் ஊரின் புதுப் பக்கத்தில், நான்கு வழிச் சாலையை ஒட்டி இருந்தது. கீழே டிவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கடலைக் காட்டிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் சேவை மேல்மாடியில். டோக்கன் எடுத்து, இலவச இயந்திரக் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகு அவர்கள் எண் வந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் 'பியோன்' என்று பெயர் இருந்தது. நாற்பதைத் தொடும் வயது. மூன்று சீட்டையும் பொறுமையாகப் படித்தாள், கணினியில் தட்டினாள், பிறகு உதட்டைக் கடித்தாள்.

"அம்மா, எங்க விதிப்படி ஒரே கோளாறு மூணாவது தடவ வந்தா புதுசு மாத்திக் கொடுப்போம். ஆனா இங்க மூணும் வேற வேறயா பதிவாகியிருக்கு. முதல்ல கேஸ், அடுத்தது சென்சார், இப்போ குழாய். கம்ப்யூட்டர் இத மூணு கோளாறுன்னு எடுக்குது. அப்படின்னா பெட்டிய எங்க டிப்போவுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல அறுபது முட்டைக்கோஸும் வினிகரா போயிடும்."

"புரியுதும்மா. ஆனா கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் கிம்ச்சி தின்னுமா?"

பக்கத்துக் கவுண்டரில் ஹேர் டிரையரோடு நின்றிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் சுன்தொக், குரலை உயர்த்தாமல். "டாக்டர் மூணு தடவ மூணு மருந்து கொடுத்தா, நோயாளிக்கு மூணு வியாதியா? தம்பி பாத்தது மூணு. நான் பாத்தது ஒண்ணு. பெட்டி குளிரல. ஏப்ரல்லயும் குளிரல, செப்டம்பர்லயும் குளிரல, இன்னிக்கும் குளிரல. எழுதி வச்சிருக்கேன், படி."

காலண்டர் தாள்கள் கவுண்டரில் வரிசையாக விழுந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் டப்பாவும் விழுந்தது. சுன்தொக் மூடியைத் திறந்த மறுநொடி மேல்மாடி முழுக்கப் புளிப்பு பரவியது. ஹேரிமுக்குத் தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. மாமியாரோ பையிலிருந்து சாப்ஸ்டிக்ஸ் எடுத்து நீட்டினாள்.

"வாயில போடு. பத்து நாள் கிம்ச்சி இந்தப் புளிப்பு புளிக்குமான்னு நீயே சொல்லு."

பியோன் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க வீட்ல பிப்ரவரி மாசம்தான்மா இப்படி ஆகும்," என்றாள். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "ஆனா ருசியா இருக்கு," என்றும் சொன்னாள்.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "நோ சார், சொரியோங் பக்கம் ஒரு கிம்ச்சிப் பெட்டி காலையில பாத்தீங்களே. மூணு சீட்டும் உங்களுதுதான். மூணும் வேற வேற கோளாறா, இல்ல ஒண்ணா?"

எதிர்முனையில் ஒரு வேன் இரைச்சல். பிறகு நோவின் குரல் வந்தது.

"ஒண்ணுதாங்க. ஏப்ரல்லயே குழாய் கசிஞ்சிருக்கு. அதனாலதான் கேஸ் குறைஞ்சிருக்கு, அதனாலதான் சென்சாரும் போயிருக்கு. நான்தான் அப்பவே கண்டுபிடிக்கல. தப்பு என்மேலதான். அப்படியே எழுதிக்கோங்க."

ஹேரிம் ஒரு கணம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டால் மேலதிகாரியிடம் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனுஷன் ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை.

"அன்னிக்குக் கொடுத்த மாத்திரை சாப்பிட்டியா தம்பி?" என்று சுன்தொக் ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டேம்மா."

பியோன் மூன்று கோளாறையும் ஒன்றாக மாற்றினாள். எழுந்து உள்ளே போய், மேலாளரின் கையெழுத்தோடு திரும்பி வந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"புதுப் பெட்டி கிடைச்சாச்சும்மா. இப்போ வாரண்டியத் திறக்கணும். வாங்கும்போது கொடுத்த போன் நம்பர்ல கடைசி நாலு எண் சொல்லுங்க."

"எட்டு ஒண்ணு மூணு நாலு."

யோசிக்காமல், மூச்சுவிடுவது போலச் சொன்னாள். ஹேரிம் சட்டென்று நிமிர்ந்தாள். மாமியாரின் எண் அது இல்லை. மாமியாருடையது இரண்டு இரண்டு ஆறு பூஜ்யம். தோமினுடையதும் இல்லை.

பியோன் திரையைப் பார்த்துப் படித்தாள். "யுன் இன்சொக் அவங்க பேர்ல இருக்கு. உங்க வீட்டுக்காரரா?"

மூன்று வருடமாக வீட்டுக்குள் வராத பெயர், ஒரு கடைக் கவுண்டரில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயில் வந்து விழுந்திருந்தது.

"மகன்," என்றாள் சுன்தொக். பிறகு அவசரமாக, "முன்னாடி அவன் நம்பரத்தான் எல்லா இடத்துலயும் சொல்லுவேன். பழக்கத்துல வாயில வந்துருச்சு."

"பரவாயில்லம்மா. இதே நம்பர்லதான் உங்க எல்லாமே இருக்கு." கையெழுத்துக்காகப் பியோன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

ஹேரிம் படித்தாள். கிம்ச்சிப் பெட்டி. மின்கம்பளம். தண்ணீர்க் கெண்டி. அதற்குப் பிறகு பேட்டரி, இரண்டு. பேட்டரி, இரண்டு. பேட்டரி, இரண்டு. வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது. தேதிகளைப் பார்த்தாள். புத்தாண்டுக்கு முதல் நாள். அறுவடைத் திருநாளுக்கு முதல் நாள். அக்டோபர் ஒன்பது மூன்று தரம் இருந்தது. அது மூத்தவருடைய பிறந்தநாள்.

இரண்டு பேட்டரி வாங்க மாமியார் எதற்குப் பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வருகிறாள் என்று தானும் தோமினும் சிரித்தது ஹேரிமுக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது. அங்கே வாங்கினால் யாருக்கும் மெசேஜ் போகாது. இங்கே வாங்கினால் போகும். 'தால்பித் குன்சான் கிளை, உங்கள் கணக்கில் புள்ளி சேர்ந்தது' என்று அந்த எட்டு ஒன்று மூன்று நாலுக்கு ஒரு வரி போகும். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு இம்மி இறங்கிவராமல், மூன்று வருடமாக இவள் மகனுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இருக்கிறேன், இன்றைக்கு உன் பிறந்தநாள், மறக்கவில்லை.

இப்படி ஒரு வீம்பையும் பாசத்தையும் ஒரே கையில் பிடித்திருக்க இந்த ஊரில் வேறு எவளால் முடியும் என்று நினைத்தாள். மாமியாரின் முகத்தை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இப்போ ஒண்ணு இருக்கும்மா," என்றாள் பியோன். "வாரண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க போனுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு போகும். அத வாங்கிச் சொன்னீங்கன்னா முடிஞ்சுது. மூணு நிமிஷம்தான் செல்லும். மகனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுறீங்களா?"

சுன்தொக் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"வேற வழி இல்லையா?"

"குடும்பச் சான்றிதழ் வாங்கிட்டு வரலாம். அவங்க கையெழுத்தும் வேணும். எப்படியும் பத்து நாள் ஆகும்."

வாரண்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"நான் வேணா பேசட்டுமா அத்தை?" என்று ஹேரிம் மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். நீ அனுப்பு பொண்ணே. யாரும் போன் பண்ண வேண்டாம்."

"சொல்லாம எப்படிம்மா அவங்களுக்குத் தெரியும்?"

"தெரியும். அனுப்பு."

பியோன் பொத்தானை அமுக்கினாள். திரையில் மூன்று நிமிடம் ஓட ஆரம்பித்தது. சுன்தொக் தன் போனைக் கவுண்டரில் மல்லாக்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிடம். ஒரு நிமிடம். ஹேர் டிரையர்க்காரர் தன் வேலை முடிந்தும் போகாமல் நின்றார். பூஜ்யம். போன் அசையவே இல்லை.

"ஒரு நாளைக்கு மூணு தடவதான்மா அனுப்ப முடியும்," என்றாள் பியோன். "போன் பண்ணிடுங்களேன்."

"அனுப்பு."

இரண்டாவது தடவையும் எண்கள் இறங்கின. அந்த மெசேஜில் 'கிம்ச்சிப் பெட்டி மாற்றுவதற்கான எண்' என்று போட்டிருக்கும் என்று பியோன் சொன்னாள். அதைப் பார்த்தால் எந்த அம்மா எந்தக் கவுண்டரில் நிற்கிறாள் என்று அவனுக்குப் புரியாமல் இருக்காது. புரிந்தும் சும்மா இருக்கிறான் என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான். ஹேரிம் அந்த அர்த்தத்தை நினைக்கப் பயந்தாள்.

இருபது நொடி. பத்து. பூஜ்யம்.

"சரி, விடு," என்றாள் சுன்தொக். அந்தக் குரலை ஹேரிம் இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறாள், மாமனாரின் ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே. "வா, போலாம். தோமின் சொன்ன மாதிரி புதுசே..."

போன் ஒருமுறை அதிர்ந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மெசேஜ். பெயர் 'மூத்தவன்'. உள்ளே ஆறே ஆறு எண். வணக்கம் இல்லை, அம்மா இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை.

"நேரம் தாண்டிடுச்சே!" என்று ஹேர் டிரையர்க்காரர் கத்தினார்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு," என்று பியோன் கேட்காமலேயே மூன்றாவது தடவையை அனுப்பிவிட்டாள்.

இந்தத் தடவை பதினைந்து நொடிகூட ஆகவில்லை. சுன்தொக் போனை எடுத்து, கையை முழு நீளத்துக்கு நீட்டி, கண்ணாடி இல்லாமலேயே ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவது போல அழுத்தம் திருத்தமாகப் படித்தாள். கடைசி எண்ணில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது.

பச்சை வட்டம் வந்தது. சரிபார்க்கப்பட்டது.

ஹேர் டிரையர்க்காரர் கை தட்டினார். ஹேரிம் அழுதுகொண்டே சிரித்தாள். சுன்தொக் மட்டும் போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "முதல்லயே அனுப்பியிருக்கலாம், கழுத" என்றாள்.

"சனிக்கிழமை காலையில டெலிவரிம்மா," என்றாள் பியோன். "இந்த முகவரிதானே? நாவுன்-தோங், நூத்தி மூணாம் கட்டடம், எண்ணூத்தி நாலு. போன மாசம்தான் மாத்தியிருக்காங்க."

ஹேரிமின் சிரிப்பு நின்றது. அவர்கள் வீடு சொரியோங்கில். நாவுன்-தோங் பஸ்ஸில் நாலு நிறுத்தம்.

இஞ்சியோன் இல்லை. இதே ஊர். ஒரு மாதமாக மூத்தவர் இதே ஊரில் இருக்கிறார். தோமினுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் தன்னிடம் சொல்லாமல் இருப்பானா?

"இல்ல, அது..." என்று ஹேரிம் ஆரம்பித்தாள்.

"ஆமா," என்றாள் சுன்தொக். "அதே முகவரிதான். அங்கேயே இறக்கச் சொல்லு."

"அத்தை! நம்ம கிம்ச்சி?"

"கிம்ச்சியும் அங்க போகும். நீதான் காருல கொண்டு போய் இறக்கப் போற."

"அப்போ நாம சாப்பிட?"

"தினம் போய் எடுத்துட்டு வருவோம்," என்றாள் சுன்தொக். "மார்ச் வரைக்கும்."

மூன்று வருடம் அடைத்துக் கிடந்த ஒரு கதவை இவள் ஒரு வாரண்டிச் சீட்டை வைத்து நெம்பிக்கொண்டிருக்கிறாள். மகன் வா என்று கூப்பிடவில்லை, இவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. யாருடைய மானத்துக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சொந்தக் கிம்ச்சியை எடுக்க வருகிறவளை எந்த மருமகளால் வாசலில் நிறுத்த முடியும்? ஹேரிமுக்கு அங்கேயே ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது.

"அவங்க சம்மதிக்கணும்மா," என்றாள் பியோன். "மெசேஜ் போயிருக்கு. அவங்க 'சரி'ன்னு அமுக்கினாத்தான் சனிக்கிழமை வண்டி கிளம்பும்."

"இதுக்கும் மூணு நிமிஷமா?"

"இல்லம்மா. கடை மூடுற வரைக்கும் நேரம் இருக்கு."

சுன்தொக் கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "அப்போ இன்னொரு காபி எடுத்துட்டு வா," என்று மருமகளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது தோமினின் போன் வந்தது.

"என்ன ஆச்சு? அலைய விட்டுட்டானுங்களா?"

"இல்லங்க. புதுப் பெட்டி கொடுத்துட்டாங்க."

"அட! அம்மாவ ஜெயிக்க ஆள் இல்ல. எப்போ வீட்டுக்கு வரும்?"

"பெட்டி வீட்டுக்கு வராதுங்க," என்றாள் ஹேரிம். "நாமதான் பெட்டி இருக்கிற வீட்டுக்குப் போகணும். ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நாவுன்-தோங்ல யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது வந்து..." என்று தோமின் இழுத்தான். அவன் முடிப்பதற்குள் கவுண்டரிலிருந்து பியோன் கூப்பிட்டாள்.

"அம்மா! பதில் வந்திருக்கு!"

ஹேரிம் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். சுன்தொக் எழுந்திருக்கவில்லை. முதுகை நேராக்கிக்கொண்டு, "படி" என்றாள்.

"'சரி'ன்னு அமுக்கியிருக்காங்க. டெலிவரிக் குறிப்பு எழுதுற இடத்துல ரெண்டு வரி இருக்கு." பியோன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'சனிக்கிழமை அவருக்கு வேலை இருக்கிறது, நான் வீட்டில் இருப்பேன். மற்ற நாட்களில் பகலில் யாரும் இருக்க மாட்டோம். கதவுப் பூட்டின் எண் பூஜ்யம் மூன்று ஒன்று ஒன்பது, திறந்துகொண்டு உள்ளே வரலாம். இப்படிக்கு, மெங் சொரின்.'"

"சொரின்," என்றாள் சுன்தொக். முகத்தை நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெண்ணின் பெயரை அவள் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தாள். "அவ பேரு சொரினா?"

"ஆமா அத்தை."

"அப்போ இத எழுதினது அவன் இல்ல."

"இல்ல அத்தை. அவங்கதான்."

சுன்தொக் மடித்து வைத்த கோட்டை எடுத்து மெல்லப் போட்டுக்கொண்டாள். பொத்தான் இரண்டு தரம் நழுவியது. பியோன் ஒரு சிறு தாளைக் கிழித்துப் பேனாவை எடுத்தாள்.

"பூட்டு எண்ண எழுதித் தரட்டுமாம்மா?"

"வேண்டாம்," என்றாள் சுன்தொக். "எனக்கு நம்பர் மறக்காது."